அட்வான்ஸ் கொடுத்து நிலத்தைக் கைமாற்றும் தொழில்: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலத்துக்காரரிடம் ஒரு விலை பேசிச் சிறு தொகையை அட்வான்ஸாகக் கொடுப்பது, மூன்று மாதக் கெடு வைத்துக் கிரய ஒப்பந்தம் போடுவது, கெடு முடிவதற்குள் அதைவிடக் கூடுதல் விலை தரும் ஆளைப் பிடித்து அவர் பெயருக்கே நேரடியாகக் கிரயம் முடிப்பது, நடுவில் நிற்கும் தொகையைத் தன் பங்காக எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகம் உள்ள ஊரெல்லாம் நடக்கும் தொழில் இது. பெரிய முதலீடு வேண்டாம், கடை வேண்டாம், பட்டப்படிப்பு வேண்டாம். அதனால்தான் வேலை தேடும் இளைஞர்களும், ஓய்வுபெற்றவர்களும், ஒரு காலத்தில் சீட்டுக் கம்பெனி நடத்தியவர்களும் இதில் வந்து விழுகிறார்கள்.

அமெரிக்காவில் இதே தொழிலுக்கு ஹோல்சேலிங் என்று பெயர். கடனில் மூழ்கியவர்களையும் தனியாக வாழும் முதியவர்களையும் தேடிப்போய் அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் போடும் கூட்டம் அங்கே பெருகியதால், இல்லினாய்ஸ் மாநிலம் 2019இலும் ஓக்லஹோமா 2021இலும் இதை உரிமத்துக்குள் கொண்டுவந்தன. நம்மிடம் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தச் சட்டம், சொத்துரிமை மாற்றுச் சட்டம், பதிவுச் சட்டம், வருமான வரிச் சட்டம், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் எனப் பல சட்டங்களின் ஓரத்தில் இந்தத் தொழில் நிற்கிறது. ஓரத்தில் நிற்பதால் இடைவெளிகள் அதிகம். அந்த இடைவெளிகளில் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். சில ஆண்டுகளில் ஊரில் தலைகாட்ட முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

இதில் லாபம் இரண்டு வகையில் வரும். பட்டாவில் பெயர் மாறாமல் கிடக்கிறது, அளவு சரியில்லை, பங்காளிகள் நாலு ஊரில் இருக்கிறார்கள், வாங்கும் ஆளை நிலத்துக்காரருக்குத் தெரியாது. இந்தச் சிக்கல்களை அலைந்து திரிந்து அவிழ்ப்பவருக்குக் கிடைக்கும் கூலி ஒரு வகை. பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்பது நிலத்துக்காரருக்குத் தெரியாததால் கிடைக்கும் பணம் இன்னொரு வகை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் முதல் வகைக்குத்தான் வழி சொல்கிறேன். இரண்டாவது வகைக்கு வழிகாட்டி தேவைப்படுவதில்லை.

நீங்கள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு நிலத்தில் நீங்கள் மூன்று விதமாக நிற்கலாம். இரு தரப்பையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்கும் தரகராக நிற்கலாம். நிலத்துக்காரரோடு ஒப்பந்தம் போட்டு, அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுபவராக நிற்கலாம். நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை, அதாவது பவரை, கையில் வைத்துக்கொண்டு அவர் சார்பில் விற்பவராக நிற்கலாம்.

ஒரே நிலத்தில் இரண்டு வேடம் கூடாது. நிலத்துக்காரரிடம் "எனக்கு இரண்டு பர்சென்ட் கமிஷன் போதும்" என்று சொல்லிவிட்டு, வாங்குபவரிடம் மேல் வைத்து விற்று அந்த வித்தியாசத்தையும் அமுக்கிக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய திருட்டு. கமிஷன் வாங்குபவர் நிலத்துக்காரரின் ஆள். அவருக்கு நல்ல விலை வாங்கித் தரும் கடமை உண்டு. வித்தியாசத்தை எடுப்பவர் எதிர்த்தரப்பு. தன் அட்வான்ஸைப் பணயம் வைத்து இறங்குகிறார், பேரம் பேசுகிறார். இரண்டுமே நேர்மையான தொழில்கள்தான், தனித்தனியாகச் செய்தால்.

பவர் வாங்கி விற்பதைப் புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது. பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரணமாக அந்தப் பவரும் முடிந்துவிடும். கிரயம் பதியும்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவரின் உயிர்ச் சான்று கேட்பார்கள். பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துச் சொத்துரிமை கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் "பவர் இருக்கிறது, பத்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பேசுபவரைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

ஒப்பந்தம் போட்டவுடன் நிலம் உங்களுடையது ஆகிவிட்டதாக நினைக்கவும் கூடாது, பேசவும் கூடாது. கிரய ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின் மீது எந்த உரிமையையும் தராது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு. உங்களிடம் இருப்பது, இன்ன விலைக்கு இன்ன தேதிக்குள் கிரயம் செய்துதரக் கேட்கும் உரிமை. நீங்கள் கைமாற்றுவது அதைத்தான். "நேரடி உரிமையாளர், புரோக்கர் வேண்டாம்" என்று விளம்பரம் போட்டால் முதல் வரியிலேயே பொய்.

நிலம் பார்க்கும் முன் விலை பாருங்கள்

மாவட்டம் முழுக்கச் சுற்றாதீர்கள். நாலைந்து வருவாய் கிராமங்களை எடுத்துக்கொண்டு அவற்றை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பாதை பத்திரத்தில் உள்ள பாதை, எது வரப்பு, மழைக்காலத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பது வரை தெரியவேண்டும்.

விலை அறிய டீக்கடைப் பேச்சை நம்பவேண்டாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு நிலத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியலை, யாரும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பக்கத்து சர்வே எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிரயத்தின் கீழும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். பலர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குத்தான் பத்திரம் பதிகிறார்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வங்கிக் கடன் போட்டு வாங்கியவர்களின் பத்திரங்களில் உண்மைக்கு நெருக்கமான தொகை இருக்க வாய்ப்பு அதிகம். அடமானப் பதிவு ஒட்டியிருக்கும் கிரயங்களைத் தேடிப் பாருங்கள்.

இப்படி நீங்கள் கண்டறிந்த விலை நிலத்துக்காரருக்குத் தெரியாமல் இருக்கும்போதுதான் முதல் சோதனை வருகிறது. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். அதுபோன்ற அறிவிப்புகள் வரும்போது, செய்தித்தாள் படிப்பவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் இடையில் சில நாள் இடைவெளி விழுகிறது. அந்த நாட்களில் முதியவர்களின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அட்வான்ஸ் கொடுப்பவர்கள் உண்டு. பேரம் பேசுவதில் தவறில்லை. "எனக்குக் கட்டுப்படியாகும் விலை இவ்வளவுதான்" என்று சொல்லலாம். "இந்தப் பக்கமெல்லாம் இவ்வளவுதான் போகிறது" என்று சொல்லும்போது, அது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அது பேரம் இல்லை. பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்கள்: உங்கள் உண்மையான வேலை இங்கேதான்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆவணங்களைப் பார்த்துவிட வேண்டும். "டோக்கன் போட்டுவிடலாம், பிறகு பேப்பர் பார்க்கலாம்" என்று அவசரப்படுத்துபவர்தான் இந்தத் தொழிலில் அதிகம். அந்த டோக்கனைத் திரும்ப வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். நகல் போதாது, அசலைக் கண்ணால் பார்க்கவேண்டும். அசல் வீட்டில் இல்லை என்றால் அது எங்கேயோ அடகில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்ப்பேச்சாகப் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கைக்கடன் எதுவும் அதில் தெரியாது. வில்லங்கம் இல்லை என்று அச்சடித்து வந்தாலும் வில்லங்கம் இருக்கலாம்.

பட்டா என்பது வருவாய்த் துறை வைத்திருக்கும் கணக்கு. அது உரிமைக்குத் துணை ஆதாரம், உரிமையே அல்ல. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், பேச்சுவழக்கில் யூ.டி.ஆர்., ஏராளமான பெயர்கள் மாறிப் பதிவாகின. அண்ணன் நிலம் தம்பி பெயரில், கீழ்ப்புறக் காரர் நிலம் மேல்புறக் காரர் பெயரில். பட்டாவையும் பத்திரத்தையும், கிராமத்தின் சர்வே எண்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது பிடிபடும். அ-பதிவேடு இன்னொன்றையும் சொல்லும்: அந்த சர்வே எண் அரசுப் புறம்போக்கா, கோயில் நிலமா, ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலமா என்று.

இந்தக் கடைசி வகை, ஊர்ப் பேச்சில் பஞ்சமி நிலம், பிரிட்டிஷ் அரசு 1892 தொடங்கி நிலமற்ற பட்டியல் சாதி மக்களுக்கு வழங்கியது. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் அதே பிரிவினருக்குத்தான் விற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. அதனால் மற்றவர்களுக்கு எழுதிய பத்திரம் செல்லாது. சந்தை விலையில் பாதிக்கு ஒரு நிலம் வருகிறது என்றால் முதலில் எழவேண்டிய சந்தேகம் இதுதான். "பத்திரம் பதிந்திருக்கிறதே" என்பார்கள். பதிந்திருக்கும். பதிவானதெல்லாம் செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, நிலமே இல்லாதவர்களுக்கு என்று கொடுத்த நிலத்தைச் சுற்றி வளைத்துக் கைமாற்றுவதில் பங்கு வாங்க உங்களுக்கு மனம் வருகிறதா என்பதையும் யோசியுங்கள். கோயில் நிலம், வக்ஃப் நிலம், ஏரி வாய்க்கால் புறம்போக்கு எதிலும் கை வைக்கவேண்டாம்.

அடுத்தது வாரிசுகள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் உடைவது இங்கேதான், அதுவும் பெண்களின் கையெழுத்தில். "அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது, அவள் வரமாட்டாள், கேட்கமாட்டாள்" என்று தம்பி சொல்வார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்தது. அப்போது திருமணமாகியிருந்தவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2005இல் மத்தியச் சட்டம் திருமணமானவர், ஆகாதவர் என்ற பிரிவை நீக்கியது. அந்தச் சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துச் சொன்னது. ஆகவே அக்கா, தங்கை, இறந்துபோன தங்கையின் பிள்ளைகள் எல்லாரையும் நேரில் பாருங்கள். தம்பி அழைத்துப் போகும் வரை காத்திருக்காமல் நீங்களே போங்கள். பங்கை விட்டுக்கொடுக்க அவர்கள் உண்மையிலேயே விரும்பினால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியட்டும். அப்படி எழுதிக் கொடுப்பவர், தான் விடும் பங்கு இன்றைய விலையில் எவ்வளவு பெறும் என்று தெரிந்துகொண்டு எழுதுகிறாரா? அதைச் சொல்லவேண்டிய ஆள் அந்த இடத்தில் நீங்கள் மட்டும்தான்.

கடைசியாக அளவு. புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். 60 சென்ட் என்று பத்திரத்தில் இருந்து, தரையில் 57 இருந்தால், சென்ட் 50,000 ரூபாய் கணக்கில் ஒன்றரை லட்சம் காற்றில் போகும். ஒப்பந்தத்தில் மொத்த விலை எழுதாமல், அளந்து வரும் பரப்புக்குச் சென்ட்டுக்கு இன்ன விலை என்று எழுதினால் இந்தத் தகராறே வராது.

ஒப்பந்தம் போடும் நாள்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனாலும் பல இடங்களில் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைப்பதாகத்தான் நடக்கிறது. பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி யாரும் தொழில் நடத்தவேண்டாம். பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். கெடு முடிந்து நீங்கள் பணம் கட்டாமல் போனாலும், ரத்துப் பத்திரம் பதியும் வரை அந்த வரி அங்கேயே நிற்கும். புதிதாக வாங்க வருபவர் அதைப் பார்த்தவுடன் திரும்பிப் போய்விடுவார். கிரயம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு காலம் இருக்கிறது என்பதால், ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸில் ஒரு குடும்பத்தின் நிலத்தை மூன்று ஆண்டுகள் முடக்கிப்போட முடியும். ரத்து செய்து தரவேண்டுமானால் இத்தனை லட்சம் கொடு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவச் செலவுக்காக நிலத்தை விற்க வந்தவர் கதி என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: இன்ன தேதிக்குள் மீதித் தொகை செலுத்தாவிட்டால் பதினைந்து நாளுக்குள் ரத்துப் பத்திரம் என் செலவில் பதிந்து தருவேன் என்று. எழுதியதைச் செய்யுங்கள். ஊரில் உங்கள் பெயர் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கும்.

நம்மூர் ஒப்பந்தங்களில் ஒரு வரி வழக்கமாக வரும்: "தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் குறிப்பிடும் நபர் பெயருக்கோ கிரயம் செய்து கொடுக்கக் கடமைப்பட்டவர்." கைமாற்றும் தொழிலின் உயிர் இந்த வரியில் இருக்கிறது. பத்திர எழுத்தர் இதை மற்ற வரிகளோடு சேர்த்து மூச்சு விடாமல் படித்துவிட்டுப் போவார். கேட்டுக்கொண்டிருக்கும் நிலத்துக்கார அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அங்கே நிறுத்தி விளக்குங்கள்.

"அம்மா, இந்த நிலத்தில் நான் பயிர் வைக்கப் போவதில்லை. இதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கும் ஆளைத் தேடுவேன். கிடைத்தால் அவர் பெயருக்கே நீங்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். கூட வரும் பணம் எனக்கு. ஆள் கிடைக்காவிட்டால் நஷ்டமும் எனக்கு. உங்களுக்குச் சென்ட்டுக்கு ஐம்பதாயிரம் மாறாது."

"எனக்கு வரவேண்டியது வந்தால் போதும் தம்பி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மகனோ மகளோ படித்த உறவினரோ யாராவது ஒருவர் உடனிருக்கும்போது இன்னொரு முறை சொல்லுங்கள். ஒப்பந்த நகலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த இரண்டு நாளில் வேறு தரகர் வந்து தட்டிக்கொண்டு போய்விடுவாரே என்பீர்கள். போகலாம். அவரைவிட நல்ல விலை கொடுக்க முடியாததால்தானே போனது?

வெற்றுப் பத்திரத்தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். அசல் பத்திரத்தை "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் போதும்.

அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம். அது வாங்கியவர் தலையில், அதாவது நிலத்துக்காரர் தலையில் விழும். நோட்டுக் கட்டைக் கையில் கொடுத்து அவர் முகம் மலர்வதைப் பார்க்கும் தரகர்களுக்கு இது தெரியும். கொடுத்தவருக்குச் சேதாரமில்லை என்பதால் சொல்வதில்லை.

கணக்கு

மேலே சொன்ன நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 60 சென்ட், சென்ட் 50,000. மொத்தம் 30 லட்சம். அட்வான்ஸ் 3 லட்சம். சென்ட் 58,000க்கு ஆள் கிடைக்கிறது. 34 லட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் 4 லட்சத்து 80 ஆயிரம். புதியவர் இந்த இடத்திலேயே வண்டி புக் செய்யக் கிளம்பிவிடுவார்.

வாங்குபவரின் பக்கம் கணக்குப் பாருங்கள். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்தால் கிரயத்துக்கு 9 சதவீதம். 34.80 லட்சத்துக்கு 3 லட்சத்து 13 ஆயிரத்து 200 ரூபாய். அவருக்கு நிலம் சென்ட் 63,000க்கு மேல் போய் நிற்கிறது. அந்த விலைக்கு அவர் ஏன் வாங்கவேண்டும் என்று உங்களால் ஒரு தாளில் எழுத முடியாவிட்டால், உங்களிடம் இருப்பது லாபம் இல்லை. கெடுத் தேதி மட்டும்தான்.

உங்கள் பக்கம்: வழக்கறிஞர் கருத்துரை, அளவைச் செலவு, ஒப்பந்தப் பதிவு, ஆளைக் கொண்டுவந்த ஊர்த் தரகர்களின் பங்கு. இருவருக்கு ஆளுக்கு ஒரு சதவீதம் என்றாலே 70,000 போய்விடும். அவர்கள் பங்கை முன்கூட்டியே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கிரய நாளில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி, நிலத்துக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நடப்பதில்லை. தரகருக்கும் தரகருக்கும் நடப்பது.

ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போகும். ஆகவே போனால் குடும்பம் ஆடாத தொகையை மட்டும் கட்டுங்கள். வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கட்டவே கூடாது. வட்டி ஓட ஓட, வாங்குபவரிடம் பொய் சொல்லும் ஆசை தானாக வளரும்.

வாங்குபவரிடம்

இவரிடம் மூன்றைச் சொல்லிவிடுங்கள்: நிலம் உங்கள் பெயரில் இல்லை, உங்களிடம் ஒப்பந்தம் இருக்கிறது, இதோ அதன் பதிவு எண், உங்களுக்கு இதில் ஒரு தொகை நிற்கிறது. எவ்வளவு என்று சொல்வது உங்கள் விருப்பம். இருப்பதை மறைக்கக் கூடாது. நிலத்தில் நீங்கள் கண்ட குறைகளையும் சொல்லுங்கள். பாதை பத்திரத்தில் இல்லை, மின்கம்பி மேலே போகிறது, கிணற்றுப் பங்கில் தகராறு என்றால் சொல்லிவிட்டு விலையைக் குறையுங்கள். ஒருவரிடமே அட்வான்ஸ் வாங்குங்கள். அதே நிலத்துக்கு இரண்டு பேரிடம் வாங்குவது குற்ற வழக்கில் போய் முடியும்.

வயலை வாங்கிக் கல் நட்டு மனை போடப் போகிறேன் என்று வாங்குபவர் சொன்னால், அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் போட்ட பதிவுத் தடையை அவருக்கு நினைவூட்டுங்கள். 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைகளை வரன்முறைப்படுத்த மட்டுமே பிறகு வழி பிறந்தது. பதிவு பெறவேண்டிய மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் தரகு செய்ய வேண்டுமானால் ரெராவில் முகவராகப் பதிவு செய்யவேண்டும். செய்யாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என அபராதம் ஏறும். விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம்.

கிரய நாள்

நிலத்துக்காரரும் வாங்குபவரும் இந்த நாள் வரை ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது என்று பாடுபடும் தரகர்கள் உண்டு. பதிவு அலுவலக பெஞ்சில் இருவரையும் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து, நடுவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பத்திரம் படிக்கப்படும்போது தொகை வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் அம்மா "முப்பதுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டால், கையெழுத்து அங்கேயே நின்றுவிடும். ஒப்பந்த நாளிலேயே சொல்லியிருந்தால் இந்தக் கேள்விக்கு வேலையில்லை.

இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கப் பத்திரத்தில் குறைந்த தொகை எழுதி, மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். மதிப்பைக் குறைத்துக் காட்டியதாக சார்பதிவாளர் கருதினால் இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் ஆவணம் மேலதிகாரியின் விசாரணைக்குப் போகும், வாங்குபவர் அலைவார். மாறாக முழுத் தொகையையும் நிலத்துக்காரர் பெற்றதாக எழுதிவிட்டால், வாங்காத 4.80 லட்சத்துக்கும் அவருக்கு வரிக் கேள்வி வரலாம். சரியான வழி, ஒப்பந்ததாரரான நீங்களும் பத்திரத்தில் சம்மதம் தரும் தரப்பாகக் கையெழுத்திடுவது. மொத்தம் இவ்வளவு, அதில் நிலத்துக்காரருக்கு இவ்வளவு, ஒப்பந்ததாரருக்கு இவ்வளவு, இன்ன வங்கி வரைவோலை எண் என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டால் மூவருக்கும் பிரச்சினை இல்லை. உங்கள் பங்குக்கு வருமான வரி உண்டு. தரகுக் கமிஷனும் வாங்குபவராக இருந்தால், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவும் தேவை. முதல் கிரயத்துக்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலை நீங்களே பின்தொடருங்கள். உட்பிரிவு தேவைப்படாத நிலத்தில் இது விரைவாக முடியும். உட்பிரிவு செய்யவேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்கவேண்டும், நாள் எடுக்கும். பத்திரத்தின் ஒரு நகலையும் வங்கிக் கணக்கில் வரவு வைத்த சீட்டையும் நிலத்துக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு, அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அடையாள அட்டை நகல், புகைப்படங்கள் என உங்களிடம் தங்கியிருப்பவற்றைக் கோப்பில் போட்டுத் தேதி எழுதிப் பூட்டி வையுங்கள். உறவினர் யாராவது பின்னாளில் வழக்குப் போட்டால் உங்களையும் சாட்சிக்கு அழைப்பார்கள்.